சிகரெட்டை நிறுத்த நினைக்கும் நண்பனுக்குக் கைகொடுப்பது எப்படி: ஒரு போன், ஒரு கூட்டாளி

கல்லூரி விடுதியில் சிகரெட் பிடிக்கிற பையன்களிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள், "விட்டுடணும்ணா" என்று சொல்லாதவனைப் பார்ப்பது அரிது. புற்றுநோய் வரும் என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தெரியும், தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சாயங்காலம் நாலரைக்கு லேப் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும், கூட இருக்கிற எல்லோரும் பற்றவைக்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் அவன் பக்கம் நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் இங்கே கூட்டாளி என்கிறேன். அப்படி இருக்க முன்வருகிற சீனியர்கள், வகுப்புத் தோழர்கள், என்.எஸ்.எஸ். பிள்ளைகள், இளம் விரிவுரையாளர்கள் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் இருக்கிற சாதாரண போன் போதும். தனியாகச் செயலி எதுவும் தேவையில்லை, பெரிதாகச் செலவும் கிடையாது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். போனில் நாலு மெசேஜ் அனுப்பினால் ஒருத்தன் சிகரெட்டை விட்டுவிடுவானா? பிரிட்டனில் டெக்ஸ்ட்2ஸ்டாப் என்று ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள், 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 5,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சிகரெட்டை நிறுத்த உதவும் குறுஞ்செய்திகளும், மறுபாதிக்கு அதைப் பற்றி எதுவும் சொல்லாத பொதுவான செய்திகளும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து எச்சில் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தியதில் முதல் குழுவில் 10.7 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தார்கள், இரண்டாவது குழுவில் 4.9 சதவீதம். அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்குட்பட்ட, வேப் (இ-சிகரெட்) பிடிக்கிற இளைஞர்களுக்காக ட்ரூத் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு நடத்தும் குறுஞ்செய்தித் திட்டத்தை 2021-இல் ஆராய்ந்தபோது ஏழு மாத முடிவில் அந்தச் செய்திகள் கிடைத்தவர்களில் 24.1 சதவீதம் பேரும் கிடைக்காதவர்களில் 18.6 சதவீதம் பேரும் நிறுத்தியிருந்தார்கள். இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். உதவி கிடைத்தால் நிறுத்துகிறவர்கள் கூடுகிறார்கள் என்பது நிஜம். உதவி கிடைத்தும் பெரும்பாலானவர்களால் முதல் தடவையிலேயே முடியவில்லை என்பதும் அதே அளவுக்கு நிஜம். இரண்டாவதை மறந்துவிட்டு இந்த வேலையில் இறங்கினால் மூன்றாவது வாரமே உங்களுக்குச் சோர்வு வந்துவிடும்.

டெக்ஸ்ட்2ஸ்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. சிகரெட் ஆசை கிளம்பினால் ஒரே ஒரு வார்த்தையை டைப் செய்து அனுப்பலாம், உடனே பதில் வரும். சறுக்கி ஒன்று பிடித்துவிட்டால் அதற்குத் தனி வார்த்தை, தனி பதில். விருப்பப்பட்டால் தன்னைப் போலவே நிறுத்த முயல்கிற இன்னொருவரின் எண்ணை வாங்கிக்கொண்டு இருவரும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். கீழே சொல்லப்போவதெல்லாம் இதையே நம்மூர் விடுதிக்கும் டீக்கடைக்கும் தக்கபடி செய்வதுதான்.

யாரைக் கூட்டாளியாக எடுப்பது

வழக்கமாக இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். துறைத்தலைவர் எழுந்து, நல்ல பிள்ளையாகப் பத்துப் பேரைக் கைகாட்டுவார். முதல் பெஞ்சில் உட்காருகிற, நோட்ஸ் எழுதுகிற, வாழ்க்கையில் சிகரெட் பக்கமே போகாத பிள்ளைகள். அவர்கள் மேல் தப்பில்லை, ஆனால் தம் அடிக்கிறவன் அவர்களிடம் வாய் திறக்க மாட்டான்.

பிரிட்டனில் அசிஸ்ட் என்று ஒரு திட்டத்தைப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள், 59 பள்ளிகள், 12-13 வயதுப் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல், முடிவு 2008-இல் வந்தது. அது பிள்ளைகள் சிகரெட் பழகாமல் தடுக்கிற திட்டம், நிறுத்த வைக்கிற திட்டம் இல்லை. இருந்தாலும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் யாரையும் கைகாட்டவில்லை. நீங்கள் யாரை மதிக்கிறீர்கள், யார் சொன்னால் கேட்பீர்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு, அதிகம் பேர் சொன்னவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மேடை ஏறவில்லை, பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் சாதாரணமாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கூகுள் படிவம். மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பெயரும் கேட்காதீர்கள். இரண்டே கேள்வி போதும்: பிரச்சினை என்றால் நீங்கள் முதலில் யாரைத் தேடிப் போவீர்கள்? யாரிடம் சொன்னால் வெளியே போகாது? இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவன்தான் ஆள். அவன் அரியர் வைத்திருக்கலாம், வார்டனிடம் திட்டு வாங்கியவனாக இருக்கலாம், அதெல்லாம் பரவாயில்லை. சிகரெட் பிடித்து நிறுத்தியவனாக இருந்தால் இன்னும் நல்லது. இப்போதும் பிடிக்கிறவன் என்றால் வேண்டாம், ஆனால் அவனும் நிறுத்த விரும்பினால் நிறுத்துகிறவர்களில் முதல் ஆளாக அவனையே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கூட்டாளிக்கு நிறுத்த முயல்கிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அதற்கு மேல் போனால் போனை எடுக்கிற வேகம் குறையும், அப்புறம் எல்லாமே குறையும்.

பேசப் பழகுவது

அரை நாள் ஒதுக்கி, கூட்டாளிகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவன் சிகரெட் பிடிப்பவன், மற்றவன் கூட்டாளி. முதல் சுற்றில் எல்லோருமே அறிவுரைதான் சொல்வார்கள். "உங்கம்மாவ நெனச்சுப் பாரு" என்பது தவறாமல் வரும். அதைக் கேட்டதும் எதிரே இருக்கிறவன் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதிப் பயிற்சி. இரண்டாவது சுற்றில் ஒரே விதி: கேள்வி கேட்கலாம், அறிவுரை கூடாது. பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போக வேண்டும்.

"மச்சி, எப்போ ரொம்பத் தேவைப்படுது?"

"மெஸ்ல சாப்பிட்டதும்டா. அப்புறம் வைவா இருந்தா."

"வைவாவுக்கு முன்னாடி அடிச்சா எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரி ரிலாக்ஸா இருக்கும். ஆனா கூப்பிடுறதுக்குள்ள திரும்பப் பதட்டம் வந்துடுது."

"ம்."

அந்த "ம்" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி. அவன் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர பத்து இருபது விநாடி போதும், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், ஆகவே அடுத்ததைக் கேட்டு உடம்பு நச்சரிக்கும். சிகரெட் தீர்ப்பதாக அவன் நினைக்கிற பதட்டத்தில் ஒரு பகுதியைக் கொண்டுவருவதே முந்தைய சிகரெட்தான். இதை நீங்கள் விளக்குவதைவிட அவன் வாயிலிருந்து வருவது பல மடங்கு உறைக்கும்.

இன்னொரு கேள்வியும் பழக வேண்டும். நிறுத்தணும்ங்கிற ஆசைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பாய் என்று கேளுங்கள். நாலு என்பான். ஏன் நாலுதான் என்று கேட்டால் நிறுத்த முடியாததற்கான காரணங்களை அடுக்குவான். "ஏன் ஒண்ணுன்னு சொல்லாம நாலுன்னு சொன்ன?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்த விரும்புவதற்கான காரணங்கள் வரும். ஃபுட்பால் ஆடும்போது மூச்சு வாங்குது, அவளுக்குப் பிடிக்கலை, மாசக் கடைசியில் கையில் காசு இல்லை. அவன் சொன்ன அதே வார்த்தைகளில் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜிபேயைத் திறந்து பாருங்கள்

நிறுத்தும் நாளைக் குறிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் கணக்குப் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே, யாரோடு பிடிக்கிறான் என்று எழுதி வைக்கச் சொன்னால் இரண்டாம் நாளே மறந்துவிடுவான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இப்போது பெட்டிக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறை சிகரெட்டுக்கும் பையன்கள் ஜிபே, போன்பேதான் செய்கிறார்கள். அந்தக் கடைக்காரர் பெயரைத் தட்டினால் தேதி, நேரத்தோடு மொத்த வரலாறும் அங்கே இருக்கும். காலை 10.50, மதியம் 1.20, மாலை 4.35, இரவு 9.40. அவன் எழுதாமலேயே எழுதப்பட்ட டைரி அது. அவனே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும், போனை நீங்கள் வாங்கிப் பார்க்க வேண்டாம்.

கூட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு ஐந்துக்கு 100, மாதத்துக்கு 3,000. விடுதியில் இருக்கிறவனுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் எனக்கு அந்தத் தொகையைவிட நேரங்கள்தான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் செய்திகளை அந்த நேரங்களை வைத்துத்தான் அனுப்பப்போகிறோம்.

சில்லறையாக வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டுகளில் அரசின் இலவச உதவி எண் அச்சிடப்படுகிறது: 1800-11-2356. ஒவ்வொன்றாக வாங்குகிறவன் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை, கடைக்காரர் எடுத்து நீட்டுவார், கயிற்றில் கட்டித் தொங்குகிற லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். எச்சரிக்கைப் படமும் எண்ணும் கடைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. அதனால் அந்த எண்ணை அவன் போனில் பதிவு செய்து கொடுப்பது உங்கள் வேலை. தமிழிலேயே பேசலாம், தென்மாநில மொழிகளுக்கான ஆலோசகர்கள் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கிறார்கள். சம்மதித்தால் அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் குறுஞ்செய்திகள் அனுப்பும் திட்டம் ஒன்றையும் மத்திய அரசு 2016-இல் தொடங்கியது. இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் உதவி எண் பகல் நேரச் சேவை, நள்ளிரவில் பப்ஜி ஆடிக்கொண்டிருக்கும்போது வருகிற ஆசைக்கு நீங்கள்தான் போனை எடுக்க வேண்டும்.

நாள் குறிப்பது

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுகிறேன் என்பான். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், 2016-இல் வெளிவந்த ஆய்வில் ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் தாக்குப்பிடித்தார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். ஆக ஒரு நாளைக் குறித்து அன்றோடு முழுதாக நிறுத்துவதே மேல். ஒரே நாளில் முடியவே முடியாது என்கிறவனை விரட்ட வேண்டாம், குறைத்துக்கொண்டே வரட்டும், ஆனால் கடைசி நாள் எது என்பது காலண்டரில் இருக்க வேண்டும்.

எந்த நாள்? மாடல் எக்ஸாம் வாரம் வேண்டாம், சிம்போசியம் வேண்டாம், ரூம்மேட் பிறந்தநாள் ட்ரீட் இருக்கிற வாரம் வேண்டவே வேண்டாம். நான் எப்போதும் சொல்வது, ஊருக்குப் போகிற விடுமுறையைப் பயன்படுத்துங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலைந்து நாள் வீட்டில் இருக்கும்போது எத்தனையோ பையன்கள் சிகரெட்டைத் தொடாமல்தான் இருக்கிறார்கள், அப்பா இருக்கிறார், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த முகம். நிகோடின் நின்ற பிறகு எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மூன்று நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அந்த உச்சத்தை அவன் வீட்டிலேயே கடந்துவிடுகிறான். இதுவரை ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கிய உடனே அதை வீணடித்திருப்பான். இந்த முறை ஊருக்குக் கிளம்புகிற நாளே நிறுத்தும் நாள் என்று எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்குகிற நேரத்துக்கு அங்கே நில்லுங்கள். முடியாவிட்டால் போனிலாவது இருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவனையே ஒரு வாய்ஸ் நோட் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் போதும், தான் ஏன் நிறுத்துகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வது. அதை உங்களுக்கும் அனுப்பட்டும். நடுவில் ஆடிப்போகிற நாளில் நீங்கள் எதுவும் பேசாமல் அதைத் திருப்பி அனுப்பினால் போதும்.

செய்திகளை எழுதுவது, அனுப்புவது

வாட்ஸ்ஆப் குழுவா, தனித்தனியாகவா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம் தனித்தனி. குழுவில் ஒருவன் "இன்னிக்கு அடிச்சிட்டேன்" என்று போட்டால் மறுநாள் இரண்டு பேர் அதே வரியைப் போடுவார்கள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறவன் அமைதியாகிவிடுவான். எல்லோருக்கும் பொதுவாக அனுப்ப வேண்டியவற்றுக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள், பதில் உங்களுக்கு மட்டும் வரும், யார் யார் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒன்று கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். சேராத செய்திக்குப் பதில் வரவில்லையே என்று நீங்கள் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நேரம்தான் எல்லாம். ஜிபே டைரியில் 4.35 என்று இருந்தால் செய்தி 4.25-க்குப் போக வேண்டும். கூகுள் மெசேஜஸில் அனுப்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கலாம், அனுப்பு பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த வசதி வரும். ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் குறித்துவிடலாம். முதல் வாரம் நாளைக்கு நாலைந்து, இரண்டாம் மூன்றாம் வாரம் இரண்டு, அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

என்ன எழுதுவது? "புகை நமக்குப் பகை" வேண்டாம். நண்பன் எழுதுவது போல, ஒரு செயலைச் சொல்வதாக இருக்கட்டும். "லேப் முடியப்போகுது. இன்னிக்கு பின் கேட் வழியா வா, நான் அங்கே நிக்கிறேன்." "சாப்பிட்டதும் பல் தேய்ச்சிடு, அந்த டேஸ்ட் போனாலே பாதி ஆசை போயிடும்." "இன்னிக்கு மூணாவது நாள், மண்டை காயும். நாளையிலேர்ந்து இறங்க ஆரம்பிக்கும், தெரிஞ்சேதான் சொல்றேன்." அவன் சொன்ன காரணங்களைக் குறித்து வைத்தீர்களே, அவற்றை இங்கே பயன்படுத்துங்கள். ஃபுட்பாலுக்காக நிறுத்துகிறவனுக்கு நுரையீரல் படம் அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை, சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

அப்புறம் அவசர வார்த்தை. இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள், "டீ" என்றோ ஒரு புள்ளி என்றோ இருக்கலாம். அது வந்தால் நீங்கள் ஐந்து நிமிஷத்துக்குள் கூப்பிட வேண்டும், டைப் செய்துகொண்டிருக்கக் கூடாது. சிகரெட் ஆசை ஒரு தடவை கிளம்பினால் பொதுவாகச் சில நிமிஷங்களில் தணிந்துவிடும், அந்த நேரத்தைக் கடத்துவதுதான் வேலை. போனில் சிகரெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேற்று மேட்சில் யார் அவுட் என்று பேசுங்கள். வகுப்பில் இருப்பதால் எடுக்க முடியாது என்றால் மாற்று ஆள் யார் என்பதையும் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு தடவை போனை எடுக்காமல் விட்டால் மூன்றாவது தடவை அவன் கூப்பிட மாட்டான்.

டீக்கடையை விடச் சொல்லாதீர்கள்

எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கும், தூண்டுகிற இடங்களைத் தவிர்க்கவும் என்று. நம்மூர்ப் பையனுக்கு அந்த டீக்கடை பெஞ்ச்தான் சிநேகிதம், சண்டை, காதல், வேலைவாய்ப்பு எல்லாம். அங்கே போகாதே என்றால் சிகரெட்டோடு சேர்த்துக் கூட்டத்தையும் இழக்கிறான், இரண்டையும் ஒரே வாரத்தில் இழக்க யாராலும் முடியாது. முதல் வாரம் மட்டும் வேறு கடைக்கு, வேறு நேரத்துக்குக் கூட்டிப் போங்கள். அதன் பிறகு பழைய கடைக்கே போகலாம், ஆனால் நீங்கள் கூடப் போக வேண்டும். புகைப்பவர்கள் நிற்கிற வெளிப்பக்கம் நிற்காமல் உள்ளே பெஞ்சில் உட்காருங்கள். கை சும்மா இருப்பதுதான் பெரிய தொந்தரவு, ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் கடலைமிட்டாயோ பன்னோ இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "ஒரு பஃப் இழுடா" என்று நீட்டாமல் பார்த்துக்கொள்வான்.

டீயைப் பற்றி ஒரு விஷயம், இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் உடம்பு காஃபீனைக் கரைக்கிற வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதே அளவு டீ, காபி குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் கிட்டத்தட்ட இருமடங்கு வரை ஏறலாம். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட் இல்லாததால் வருகிறது என்று நினைப்பான், பாதி டீயால் வந்ததாக இருக்கும். நிறுத்திய அன்றிலிருந்து டீ, காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். சிலருக்கு வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் வரும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறது என்றால் அவனுக்கு நிகோடின் பிடிப்பு அதிகம், வெறும் பேச்சும் மெசேஜும் போதாமல் போகலாம். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, ஜூஸ் கூடாது. 18 வயதாகாதவர்கள், கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எதையும் தொட வேண்டாம். மாத்திரைகளும் இருக்கின்றன, அவை மருத்துவர் சீட்டோடு மட்டும். மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவனாக இருந்தால் சிகரெட்டை நிறுத்துவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். சிகரெட்டுக்குப் பதில் உதட்டுக்கடியில் வைக்கிற பொட்டலத்துக்கோ பீடிக்கோ வேப்புக்கோ மாறுவது நிறுத்துவது ஆகாது. இ-சிகரெட் விற்பனை 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது, மறைவாக வருகிற அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சறுக்கும்போது

சறுக்குவான். பெரும்பாலும் ஏதாவது ஒரு பார்ட்டியில், குடித்த பிறகு. முதல் மாதம் குடி இருக்கிற இடத்துக்குப் போகாமல் இருந்தால் நல்லது, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களும் போங்கள். மறுநாள் காலை அவன் உங்கள் மெசேஜுக்குப் பதில் போட மாட்டான், அதுதான் அடையாளம். அப்போது நீங்கள் எழுத வேண்டியது, "அடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கூப்பிடு." அவன் பேசும்போது மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: எங்கே, யாரோடு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. அந்த ஒரு சந்தர்ப்பத்துக்கு அடுத்த தடவை என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டுப் பேச்சை முடித்துவிடுங்கள். ஒன்று பிடித்ததால் பத்து நாள் சும்மா போய்விடவில்லை. "இனி என்ன, எல்லாம் போச்சு" என்று அவன் நினைப்பதுதான் ஒன்றைப் பாக்கெட்டாக்குகிறது.

இதனால்தான் நாட்கணக்கை ஸ்டேட்டஸில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. 21-ஆம் நாள், 22-ஆம் நாள் என்று ஊருக்கே காட்டியவன் சறுக்கினால் பொய் சொல்வான், இல்லாவிட்டால் ஒதுங்கிவிடுவான். எண்ண வேண்டுமானால் மிச்சமான ரூபாயை எண்ணட்டும், அது சறுக்கினாலும் பூஜ்யத்துக்குப் போகாது.

ரகசியம்

அனுப்புகிற எண்ணை அவன் போனில் சாதாரணப் பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போயிருக்கும்போது "சிகரெட் ஸ்டாப் அண்ணா" என்று திரையில் மின்னினால் அம்மா பார்த்துவிடுவார், அத்தோடு முடிந்தது. பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி வைக்கவும், மறையும் செய்தி வசதியைப் போடவும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். வார்டன், துறைத்தலைவர் யாருக்கும் பெயர்ப் பட்டியல் போகக் கூடாது. இதைக் கல்லூரி நிர்வாகத்திடம் முதல் நாளே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வேண்டுமானால் தரலாம், பெயர் தர முடியாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். கல்லூரிக்கு 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கேட்டுக்கு எதிரில் இருக்கிற கடையைப் பற்றி நிர்வாகம் ஏதாவது செய்ய நினைத்தால் அது அவர்கள் வேலை. கூட்டாளிகளை அதில் இழுக்க விடாதீர்கள், இழுத்தால் அவர்களை உளவாளியாகப் பார்ப்பார்கள்.

பெண்களும் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பைவிடப் பேர் கெட்டுப்போகுமே என்கிற பயம்தான் பெரிது, ஒரு ஸ்கிரீன்ஷாட் வெளியே போனால் அவள் படிப்பே நின்றுபோகலாம். பெண் கூட்டாளி மட்டும், தனித்தனிப் பேச்சு மட்டும், அவளாக வாய் திறந்து சொல்லாத எதையும் எழுத்தில் கேட்காதீர்கள். "பொண்ணா இருந்துகிட்டு" என்று தொடங்குகிற ஒரு வாக்கியம் கூட்டாளி வாயிலிருந்து வந்தால் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ரகசியம் காப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். சிகரெட்டை நிறுத்துகிறவனுக்கு மனம் சோர்ந்து போவது கொஞ்ச நாள் இருக்கும். அது நாளுக்கு நாள் கூடினாலோ, சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு வரி வந்தாலோ, அது கூட்டாளி தனியாகச் சுமக்கிற விஷயம் இல்லை. அவனைத் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு உடனே பேச வையுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அப்புறம் கல்லூரி ஆலோசகரோ வீட்டுப் பெரியவரோ ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். கஞ்சா கலந்து பிடிக்கிறவனையும் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

மூன்று மாதம் ஆனதும் செய்திகளை நிறுத்திவிடலாம், ஆறாவது மாதத்தில் ஒரு போன் மட்டும் செய்து கேளுங்கள். சொல்வதை அப்படியே நம்புங்கள், சட்டையை மோந்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். விட்டவர்களில் விருப்பமுள்ளவர்களை அடுத்த வருஷக் கூட்டாளிகளாகக் கேளுங்கள், பெயரில்லாமல் செய்திகளை மட்டும் ஒரு கோப்பாக அவர்களிடம் கொடுத்துவிட்டு, எண்களும் டைரிக் குறிப்புகளும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். புதிய கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கிற கூகுள் படிவத்தைச் செமஸ்டர் லீவுக்கு முன்னாலேயே அனுப்புங்கள், எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.